“வாங்கலாமா, சார்?”: சொத்து வழக்கறிஞரின் தொழில் எதன்மேல் நிற்கிறது?

சொத்து வழக்கறிஞரிடம் வருகிறவர் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார். கையில் ஒரு பை, பைக்குள் பத்திர நகல்கள். “இதை வாங்கலாமா, சார்?” அவ்வளவுதான். அந்தப் பைக்குள் அவருடைய இருபது வருடச் சேமிப்பு இருக்கிறது. அடுத்த இருபது வருடத்துக்கான கடனும் இருக்கிறது. பதில் தவறாகிப்போனால் அது தெரியவரப் பத்து வருடம்கூட ஆகலாம். சரியாக இருந்தாலோ எதுவுமே நடக்காது. நல்ல வேலை கண்ணுக்குத் தெரியாமலே போகிற தொழில் இது. குற்ற வழக்கில் விடுதலை வாங்கித் தந்தவரின் பெயர் மறுநாளே ஊரில் பரவும். ஒரு வழக்கு பிறக்காமலே தடுத்தவரை யாரும் பேசுவதில்லை. பின் எப்படி ஒருவர் இதில் பெயர் எடுக்கிறார், நிலைக்கிறார்? அதைப் புரிந்துகொள்ள, நிலம் கைமாறும்போது உண்மையில் என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

நகையைக் கழற்றிக் கையில் கொடுக்கலாம். நிலம் இருந்த இடத்திலேயே இருக்கும், கைமாறுவது தாள்தான். அந்தத் தாளுக்கு அரசு எவ்வளவு தூரம் பொறுப்பேற்கிறது என்பதைப் பொறுத்து, நாட்டுக்கு நாடு வழக்கறிஞரின் வேலையே மாறிவிடுகிறது.

இந்தியாவில் 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின்படி பதிவாவது பத்திரம். அதை எழுதிக் கொடுத்தவருக்கு அந்த நிலத்தில் உரிமை இருந்தது என்பதற்கு அந்தப் பதிவு உத்தரவாதம் ஆகாது. தன்னிடம் இல்லாததை ஒருவர் எழுதிக் கொடுத்து, அது முறையாகப் பதிவாகி, முத்திரையும் விழுந்திருக்கலாம். வாங்கியவருக்குக் கிடைத்தது வெறும் தாளாகவே இருக்கும். ஆகவே உரிமை உண்டா என்று பார்க்கும் பாரம் முழுக்க வாங்குபவர்மேல் விழுகிறது. அவர் அதை வழக்கறிஞரிடம் இறக்கிவைக்கிறார். பேச்சு வழக்கில் இதைத்தான் “லீகல் பார்ப்பது” என்கிறோம்.

இதற்கு எதிர்முனையில் இருப்பது டோரன்ஸ் முறை. தெற்கு ஆஸ்திரேலியாவில் 1858இல் அதைச் சட்டமாக்க முன்னின்ற ராபர்ட் டோரன்ஸ் வழக்கறிஞர் அல்லர். சுங்கத் துறையில் இருந்தவர். கப்பல்களின் உரிமையைப் பதிவேட்டில் குறிப்பதுபோல நிலத்தின் உரிமையையும் ஏன் குறிக்கக்கூடாது என்ற எண்ணம்தான் அதற்கு வித்திட்டது என்பார்கள். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். பின்னால் உள்ள பழைய பத்திரங்களைத் தோண்ட வேண்டியதில்லை. அங்கிருந்த வழக்கறிஞர்கள் இதைக் கடுமையாக எதிர்த்தார்கள். பிழைப்பு போய்விடும் என்ற பயமும் அதில் இருந்தது. தொழில் அழியவில்லை, இடம் மாறியது. இன்று அதே முறையைப் பின்பற்றும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வழக்கறிஞரின் நேரம் ஒப்பந்த நிபந்தனை, கடன் ஆவணம், நிலப் பயன்பாட்டு அனுமதி ஆகியவற்றில்தான் அதிகம் செல்கிறது.

இலங்கையில் கதை வேறு. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி உறுதி, அதாவது நிலப் பத்திரம், அதை எழுதிச் சான்றளிக்கும் நொத்தாரிசு ஒருவர் முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு கையெழுத்தாக வேண்டும். அங்கே நொத்தாரிசின் பெயருக்கே ஒரு கனம் உண்டு, தலைமுறைக்குப் பிறகும் “அந்த உறுதியை முடித்தது யார்?” என்று கேட்பார்கள். அமெரிக்காவிலோ மாநில எல்லையைத் தாண்டினால் போதும், தொழிலின் வடிவமே மாறிவிடும். தென் கரோலினாவிலும் ஜார்ஜியாவிலும் வீட்டு விற்பனையை முடித்துவைக்க வழக்கறிஞர் வேண்டும். வேறு பல மாநிலங்களில் உரிமையில் குறை தெரியவந்தால் இழப்பை ஈடுசெய்யும் உரிமைக் காப்பீட்டு நிறுவனமே வழக்கறிஞர் இல்லாமல் முடித்துவிடும். இங்கிலாந்தில் சொலிசிட்டர்கள் என்ற வழக்கறிஞர்கள் கையில் மட்டுமே இருந்த வேலையை, 1985ஆம் ஆண்டுச் சட்டம் உரிமம் பெற்ற சொத்து மாற்றுநர்களுக்கும் திறந்துவிட்டது.

இந்த வரலாறு முழுக்க ஒரே விஷயம் திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. வழக்கமான, அச்சில் வார்த்ததுபோன்ற வேலை எப்போதும் மலிவான கைக்கு நகர்ந்துவிடுகிறது. வழக்கறிஞரிடம் மிஞ்சுவது சிக்கலான, யோசித்துத் தீர்மானிக்க வேண்டிய பகுதி. மாதிரிப் படிவத்தில் பெயரை மாற்றி ஒப்பீனியன் (சொத்தைப் பற்றிய எழுத்துக் கருத்து) அடித்துக் கொடுத்தே காலத்தை ஓட்டலாம் என்று இத்துறைக்கு வருகிறவர், ஏற்கனவே கைநழுவிக்கொண்டிருக்கும் வேலையைப் பிடித்துத் தொங்குகிறார்.

யோசிக்க வேண்டிய பகுதி என்றால் என்ன? ஒரு கற்பனைச் சொத்தை எடுத்துக்கொள்வோம். 1987இல் ஒரு இந்துக் குடும்பத் தந்தை தன் சம்பாத்தியத்தில் மனை வாங்குகிறார். 1996இல் உயில் எழுதாமல் இறக்கிறார். 1999இல் மூன்று மகன்கள் பாகப்பிரிவினை செய்து பதிவு செய்கிறார்கள். 2008இல் நடு மகன் தன் பங்கை விற்கிறார். அன்று வாங்கியவர் இன்று விற்க வருகிறார். வில்லங்கச் சான்றில் எல்லாப் பதிவுகளும் வரிசையாக இருக்கின்றன. அடமானம் இல்லை, கோர்ட் அட்டாச்மென்ட், அதாவது ஜப்தி, இல்லை. மேலோட்டமாகப் பார்த்தால் சுத்தமான சொத்து.

கவனமாகப் படிக்கிறவர் 1996இல் நின்றுவிடுவார். இறந்தவருக்கு மகள் உண்டா? மனைவி இருந்தாரா? “2005க்கு முன்னால் பெண்களுக்குப் பங்கில்லையே” என்று படித்தவர்களே சொல்கிறார்கள். 2005இல் வந்த திருத்தம் பூர்வீகக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கு மகனுக்கு இணையான உரிமை தந்தது. தந்தையின் சுயசம்பாத்தியம் வேறு கணக்கு. உயில் இல்லாமல் அவர் இறந்தால், 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மகனுக்கும் மகளுக்கும் மனைவிக்கும் சமபங்கு. மூன்று மகன்கள் மட்டும் கையெழுத்திட்ட பாகப்பிரிவினை மகளின் பங்கை அழித்துவிடாது.

இன்னும் ஒரு படி உள்ளே போகலாம். 1996இல் இறந்தவரின் தாய் உயிரோடு இருந்தாரா? அவரும் முதல் வகுப்பு வாரிசுதான், பிள்ளைகளோடும் மனைவியோடும் சேர்ந்து பங்கு பெறுபவர். இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு போயிருக்கும். அவர் காலமானபின் அது அவருடைய வாரிசுகளுக்கு, அதாவது இறந்தவரின் உடன்பிறந்தவர்களுக்கும் இறங்கியிருக்கும். பத்திரத்தில் எங்குமே வராத ஒரு பாட்டியின் இறப்புத் தேதி சொத்தின் தலையெழுத்தை மாற்றுகிறது. இந்த ஒரு கேள்வியைக் கேட்கத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் இடையில்தான் இத்துறையின் முழு வித்தியாசமும் இருக்கிறது என்று நினைக்கிறேன். இதற்கு அபார ஞாபகசக்தி தேவையில்லை. ஒவ்வொரு மரணத்தின் முன்னும் நின்று, அன்றைய தேதியில் உயிரோடிருந்தவர்களின் குடும்ப மரத்தைத் தாளில் வரைந்துபார்க்கும் பொறுமைதான் வேண்டும்.

வில்லங்கச் சான்று எதைக் காட்டாது என்பதையும் மனதில் நிறுத்த வேண்டும். பதிவான ஆவணங்கள் மட்டுமே அதில் வரும். பதிவு செய்யாத உயில் அதில் வராது. உயிலைப் பதிவு செய்வது கட்டாயமே இல்லை. வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டதும் வராது. அசல் பத்திரத்தைக் கடன் கொடுத்தவரிடம் ஒப்படைத்துப் பெற்ற கடன், பதிவாகாமலே செல்லுபடியாகும் அடமானமாக இருக்க முடியும். ஆகவேதான் பழகிய வழக்கறிஞர் நகலைப் புரட்டுவதற்கு முன்பே “ஒரிஜினல் எங்கே?” என்று கேட்கிறார். “தொலைந்துவிட்டது” என்ற பதில் வந்தால் அந்த இடத்திலிருந்து வேலை இரட்டிப்பாகிறது. இத்தகைய அடமானங்களைத் தேடிப்பார்ப்பதற்கென்றே 2011 முதல் ‘செர்சாய்’ என்ற மத்தியப் பதிவேடு இயங்குகிறது. அதில் தேடாமல் முடிக்கும் ஒப்பீனியன் அரைகுறையானது.

பவர் பத்திரம் இன்னொரு பொறி. பொது அதிகாரப் பத்திரமும் கிரய ஒப்பந்தமும் சேர்ந்தால் விற்பனைக்குச் சமம் என்று பல ஊர்களில் நம்பிக்கையோடு பணம் கைமாறிவந்தது. அந்த வழியில் சொத்துரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011இல், சூரஜ் லேம்ப் வழக்கில் தெளிவாகச் சொன்னது. அதோடு, பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால், சில விதிவிலக்குகள் தவிர, பவரும் முடிந்துவிடும். பவர் முகவர் கையெழுத்திட்ட பத்திரத்தைப் பார்க்கும்போது, கையெழுத்திட்ட நாளில் பவர் கொடுத்தவர் உயிரோடு இருந்தாரா என்பதற்கு ஆதாரம் கேட்க வேண்டும். அதைக் கேட்பது சங்கடமாக இருக்கலாம். கேட்காமல் விட்டதால் வந்த வழக்குகளுக்கு சிவில் கோர்ட்டுகளில் குறைவில்லை.

பிறகு இடத்துக்குப் போக வேண்டும். பல வழக்கறிஞர்கள் இதைத் தங்கள் வேலையாகவே நினைப்பதில்லை. ஆனால் சொத்து மாற்றுச் சட்டம் சொல்வதைப் பாருங்கள்: நிலத்தை உண்மையில் அனுபவித்து வருகிறவருக்கு என்ன உரிமை உண்டோ, அது வாங்குபவருக்குத் தெரிந்திருந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். பத்திரத்தில் காலிமனை, போய்ப் பார்த்தால் ஒரு குடும்பம் வசிக்கிறது. அவர்கள் வாடகைக்கு இருக்கிறார்களா, வேறு ஒப்பந்தத்தில் இருக்கிறார்களா, பன்னிரண்டு வருடத்துக்கு மேலாக எதிரிடை அனுபவம் (பிறர் நிலத்தை வெளிப்படையாக அனுபவித்துவந்ததால் வரும் உரிமை) கோரப்போகிறார்களா என்று விசாரிக்காமல் முடித்தால், பின்னால் “எனக்குத் தெரியாது” என்று சொல்ல முடியாது. பத்திரத்தின் நான்கெல்லை தரையில் பொருந்துகிறதா, வழி எந்தப் பக்கம், அந்த வழி யாருடையது? இவையெல்லாம் அரைமணி நேரம் நடந்தால் தெரிந்துவிடுபவை. பக்கத்து வீட்டுக்காரரின் ஒரு வாக்கியம் ஐம்பது பக்கப் பத்திரக்கட்டு சொல்லாததைச் சொல்லிவிடும்.

இவ்வளவும் கற்றுக்கொள்ளக்கூடியவை. கடினமான பகுதி இதற்குப் பிறகு வருகிறது: கண்டுபிடித்ததைச் சொல்வது.

சொத்து வழக்கறிஞருக்கு வேலை எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். தரகர் அனுப்புகிறார், புரமோட்டர் அனுப்புகிறார், வங்கி தன் பேனலில், அதாவது வழக்கறிஞர் பட்டியலில், சேர்த்துக்கொண்டு அனுப்புகிறது. இவர்கள் எல்லோருக்கும் வியாபாரம் முடிந்தால்தான் வருமானம். இந்தியாவில் வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்யவும் பார் கவுன்சில் விதிகள் இடம் தருவதில்லை. ஆக, பரிந்துரைதான் வாழ்வாதாரம். பரிந்துரைக்கிறவர் எதிர்பார்ப்பதோ “ஓகே” என்ற பதில். நடு மகனின் பத்திரத்தில் விடுபட்ட மகளைக் கண்டுபிடித்த இளம் வழக்கறிஞரின் தொலைபேசிக்கு அன்று மாலையே தரகரிடமிருந்து அழைப்பு வரும்: “இதெல்லாம் பெரிய விஷயமா தம்பி? எல்லா வக்கீலும் பார்த்துக் கொடுத்துட்டாங்க.”

அந்த அழைப்பில் அவர் என்ன சொல்கிறார் என்பதில்தான் அடுத்த முப்பது வருடமும் தீர்மானமாகிறது. இதை மிகையாகச் சொல்லவில்லை. ஒருமுறை வளைந்தவரிடம் மறுபடி மறுபடி வளையவேண்டிய பத்திரக்கட்டுகளே வந்துசேரும். ஊரில் சிக்கலான சொத்துகள் எல்லாம் அவரைத் தேடி வரும். வளையாதவருக்கு அந்தத் தரகரின் வேலை சில மாதம் நின்றுபோகும். கைச்செலவுக்கே தட்டுப்பாடு வரும் காலம் அது; சாதாரண இழப்பில்லை. ஆனால் வாங்கவந்தவர் அதைத் தன் உறவுகளிடம் சொல்வார். அந்தத் தரகரே, தன் தங்கைக்கு வீடு பார்க்கும்போது, இவரிடம்தான் பத்திரத்தைக் கொண்டுவருவார்.

அதற்காக எல்லாவற்றுக்கும் “வேண்டாம்” என்பதும் திறமையாகாது. முப்பது வருடப் பத்திரங்களில் குறையே இல்லாத சொத்து அபூர்வம். இனிஷியல் மாறியிருக்கும், சர்வே எண்ணில் உட்பிரிவு விடுபட்டிருக்கும், ஒரு அளவு முன்னும் பின்னும் இருக்கும். எந்தக் குறை உரிமையையே அறுக்கும், எது பிழைத்திருத்தல் பத்திரத்தோடு போகும் என்று பிரித்துச் சொல்வதற்குத்தான் கட்சிக்காரர் பணம் கொடுக்கிறார். நம் சொத்துக்கே வழி இருக்கிறது: மகளைத் தேடிப்பிடித்து, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் வாங்கலாம், அல்லது புதுக் கிரயப் பத்திரத்தில் அவரையும் எழுதிக்கொடுப்பவராகச் சேர்க்கலாம். சிலர் பத்துப் பக்கம் எழுதி, ஒவ்வொரு பத்தியிலும் “மேற்படி ஆவணங்கள் சரியானவை எனும் பட்சத்தில்” என்று சேர்த்துத் தங்களைக் காப்பாற்றிக்கொள்கிறார்கள். அந்தத் தாள் வாங்குபவரைக் காப்பாற்றாது.

வங்கிப் பேனலில் இருப்பவருக்கு இன்னொரு கடமையும் உண்டு. “வங்கியே கடன் கொடுத்துவிட்டது, அப்படியென்றால் சொத்து சுத்தம்” என்று மக்கள் நம்புகிறார்கள். வங்கி வழக்கறிஞர் பார்ப்பது வங்கிக் கடனின் பாதுகாப்பை. அவருடைய கட்சிக்காரர் வங்கி. வாங்குபவருக்குத் தனியாக ஒருவர் பார்க்க வேண்டும் என்பதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுவதுதான் நியாயம்.

வழக்கறிஞர் தவறினால் என்ன ஆகும் என்ற கேள்வி இத்துறையின் வரலாற்றையே திருப்பியிருக்கிறது. 1868இல் பென்சில்வேனியாவில் தீர்ப்பான வாட்சன் எதிர் மியூர்ஹெட் வழக்கு. பத்திரம் பார்த்தவர் சொத்தின்மேல் ஒரு நீதிமன்றத் தீர்ப்புக் கடன் பதிவாகியிருந்ததைக் கண்டார். அது சொத்தைப் பிடிக்காது என்ற சட்ட ஆலோசனையை நம்பி, வாங்குபவரிடம் பயமில்லை என்றார். பிடித்தது, வாங்கியவர் இழந்தார். நல்லெண்ணத்தோடு கொடுத்த தொழில்முறைக் கருத்து தவறியதற்காக அவரைப் பொறுப்பாக்க முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்படியானால் வாங்குபவருக்கு யார் பொறுப்பு? அந்தக் கேள்விக்குப் பதிலாக 1876இல் பிலடெல்பியாவில் உரிமைக் காப்பீட்டு நிறுவனம் பிறந்தது. இன்று அமெரிக்காவில் அது பெரும் தொழில்.

இங்கிலாந்தில் 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் டிரீம்வார் வழக்கில் எதிர்த்திசையில் போனது. உரிமையாளர்போல் நடித்த ஒரு மோசடிக்காரர் லண்டனில் வீட்டை விற்றுப் பணத்தோடு மறைந்தார். வாங்கியவரின் வழக்கறிஞர்கள் கவனக்குறைவாக இருக்கவில்லை என்று நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது. ஆனாலும் நம்பி ஒப்படைத்த பணத்தை உண்மையான விற்பனை இல்லாமலே விடுவித்ததற்குப் பொறுப்பாக்கப்பட்டார்கள். விற்பவராக வந்தவருக்காக நின்ற வழக்கறிஞர்களும் தப்பவில்லை. எதிரே உட்கார்ந்திருப்பவர் தான் சொல்லும் ஆள்தானா என்று பார்ப்பது எழுத்தர் வேலை என்று நினைப்பவர்கள் இந்தத் தீர்ப்பைப் படிக்க வேண்டும்.

படிப்பும் நுழைவும் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இந்தியாவில் ஐந்து வருட அல்லது மூன்று வருடச் சட்டப் படிப்பு, பார் கவுன்சில் பதிவு, அகில இந்திய பார் தேர்வு. அமெரிக்காவில் பொதுவாகப் பட்டத்துக்குப்பின் மூன்று வருடம், பிறகு மாநிலத் தேர்வு. அதற்கடுத்த சில வருடங்களை எங்கே கழிப்பது என்பதுதான் பெரிய முடிவு. பத்திரம் எழுதும் அலுவலகத்தில் மட்டும் இருந்து வளர்ந்தவரைவிட, தொடக்கத்தில் சிவில் கோர்ட்டில் சீனியர் ஒருவரிடம் பாகப்பிரிவினை வழக்கும் தடையுத்தரவு மனுவும் பார்த்தவர் நல்ல பத்திரம் எழுதுகிறார் என்பது என் துணிபு. எந்தச் சொல் எந்தச் சண்டையில் போய் முடிகிறது என்பதை அவர் குறுக்கு விசாரணையில் பார்த்திருக்கிறார். “கிழக்கே உள்ள பொதுவழி” என்று அளவு போடாமல் எழுதியதால் இரண்டு குடும்பங்கள் பதினைந்து வருடம் கோர்ட்டுக்கு நடப்பதைக் கண்டவர், தன் வாழ்நாளில் வழியின் அகலத்தைக் குறிக்காமல் விடமாட்டார்.

கிளைகள் பல இருக்கின்றன. வணிகக் குத்தகை, கட்டுமானக் கடன், நில உரிமையாளரும் புரமோட்டரும் செய்துகொள்ளும் கூட்டு மேம்பாட்டு ஒப்பந்தம், நிலப் பயன்பாட்டு அனுமதி. இந்தியாவில் 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம் ஒரு புதிய வாசலையே திறந்தது. ஐநூறு சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் அல்லது எட்டு வீடுகளுக்கு மேல் கட்டும் திட்டம் பதிவாக வேண்டும். வாங்குபவர்களிடம் பெற்ற தொகையில் எழுபது விழுக்காடு தனிக் கணக்கில் இருக்க வேண்டும். வீடு கிடைக்காமல் தவணையும் வாடகையும் ஒருசேரக் கட்டிக்கொண்டிருந்த நடுத்தரக் குடும்பங்களுக்காக வாதாட, இளம் வழக்கறிஞர்களுக்கு இப்படி ஒரு தீர்ப்பாயம் கிடைத்தது பெரிய விஷயம்.

ஒரே கிளையில் உட்கார்வதில் ஆபத்தும் உண்டு. சந்தை படுத்தால் கிரயமும் படுக்கும். அமெரிக்காவில் 2008 வீழ்ச்சியின்போது விற்பனையை மட்டும் நம்பியிருந்தவர்களுக்குக் கையில் வேலை இல்லை. ஆவணச் சங்கிலியைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கோ வேலை குவிந்தது. 2011 ஜனவரியில் மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம் இபானெஸ் வழக்கில், கடன் கட்டாத வீடுகளை ஏலம் விட்ட நேரத்தில் அவற்றின் அடமானம் தங்கள் கைக்கு வந்துவிட்டது என்று வங்கிகளால் காட்ட முடியாததால் ஏலமே செல்லாது என்றது. அங்கும் கேட்கப்பட்டது அதே பழைய கேள்விதான்: கொடுத்தவருக்கு அன்றைய தேதியில் அது இருந்ததா?

பதிவேடுகள் இணையத்துக்கு வந்துவிட்டன. பழைய பத்திரங்களைப் படித்துச் சுருக்கித் தரும் மென்பொருளும் வந்துவிட்டது, பயன்படுத்துவதில் தவறில்லை. பதிவேட்டில் இருப்பதை அது வேகமாகச் சொல்லும். இல்லாத மகளை, குறிப்பிடப்படாத பாட்டியை, வேறு யாரோ கேட்டாக வேண்டும். கூடவே புது மோசடிகளும் வந்திருக்கின்றன. பணம் கைமாறி விற்பனை முடியும் நாளன்று வழக்கறிஞர் பெயரில் போலி மின்னஞ்சல் வரும், வங்கிக் கணக்கு எண் மட்டும் மாறியிருக்கும். அனுப்பிய பணம் திரும்புவது கடினம். கணக்கு எண்ணைத் தெரிந்த தொலைபேசி எண்ணில் அழைத்து, குரலைக் கேட்டு உறுதிசெய்யாமல் பணம் அனுப்பக்கூடாது என்பதைக் கட்சிக்காரரிடம் முதல் நாளே எழுதிக் கொடுத்துவிடலாம்.

இருபது வருடம் கழித்து அதே மனை மறுபடி விலைக்கு வரும். வேறொருவர், வேறொரு பை. இன்னொரு வழக்கறிஞரின் மேசையில் கட்டு பிரியும்; அவர் 1987இல் தொடங்கி 1996இல் நின்று, மகள் உண்டா என்று தேடுவார். அடுத்துப் புரட்டும் கிரயப் பத்திரத்தில், எழுதிக்கொடுப்பவர்கள் வரிசையில் கடைசியாக அந்த மகளின் பெயரும் பெருவிரல் ரேகையும் இருக்கும். அவர் அந்தப் பக்கத்தில் பென்சிலால் ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த தாளுக்குப் போவார்.